சுழியோடியின் பல்லில் உடைந்த துண்டு

அது உடையும்போது சத்தம் கேட்காது. கதிரையில் சாய்ந்து கிடப்பவருக்குத் தெரியாது. பக்கத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நேர்ஸுக்கும் தெரியாது. உங்கள் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் மட்டும் தெரியும். இறுக்கமாக இருந்தது திடீரென்று லேசாகிவிடும். வெளியே எடுத்துப் பார்த்தால் கையில் இருக்கும் ஃபைல் என்கிற மெல்லிய அரம் கட்டையாகிப் போயிருக்கும். மிச்சம் பல்லின் வேருக்குள். அறையில் மூன்று பேர் இருந்தாலும் அந்த நிமிடத்தில் நீங்கள் தனி ஆள்தான்.

வேர்ச் சிகிச்சையில் உடைந்த ஃபைலைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று இளம் பல் வைத்தியர்களான உங்களில் ஒருவர் கேட்டதால் எழுதுகிறேன். அதை எப்படி எடுப்பது என்று எழுதப்போவதில்லை. அதற்கு உங்களிடம் புத்தகம் இருக்கிறது, கைபேசியில் வீடியோ இருக்கிறது. வேருக்குள் ஓடுகிற அந்தத் தலைமயிர் தடிப்பான அரத்தை நாங்கள் விரலால் திருப்பினோம், நீங்கள் மோட்டரால் சுற்றுகிறீர்கள். உடைவது மட்டும் இன்னும் மாறவில்லை. உடைந்த பிறகு என்ன என்பதில் எனக்குக் கொஞ்சம் சொல்ல இருக்கிறது. இடையில் எரிந்து விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தனியாக இருக்கிறவர்களுக்குக் கேட்க ஆள் கிடைத்தால் நிறுத்தத் தெரியாது.

நாள் முழுக்க ஆட்களின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வேலை செய்கிறோம். அவர்களுடைய வாயும் திறந்துதான் இருக்கிறது. ஆனால் கதைக்க ஏலாது. கேள்வியையும் நாங்களே கேட்டுப் பதிலையும் நாங்களே சொல்லிக்கொள்கிறோம். "நோகுதா? இல்லைத்தானே. இன்னும் கொஞ்சம்தான்." பின்னேரம் வீட்டுக்குப் போனால் எனக்கு அங்கேயும் அதே நிலைமை. நான் கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், அது பல் சம்பந்தப்பட்ட விஷயமில்லை. உப்புவெளியில் ஒரு வீடு, இரண்டு தென்னை, பக்கத்து விடுதியிலிருந்து வெளிநாட்டுக்காரரின் பாட்டுச் சத்தம். பல்லைப் பற்றிக் கதைக்க எனக்கு இந்த ஊரில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

அவரும் பல் வைத்தியர். என்னிலும் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அரசாங்க வேலையை விட்டுவிட்டுத் துறைமுகப் பக்கம் சொந்தமாகச் சிகிச்சை நிலையம் வைத்திருந்தார். நான் ஆஸ்பத்திரியில். ஒவ்வொரு நாளும் பின்னேரம் வேலை முடிந்ததும் எனக்குத் தொலைபேசி எடுப்பார். "இண்டைக்கு என்ன பிடிபட்டது?" என்பார், கரைக்கு வந்த படகுக்காரனிடம் கேட்பதுபோல. வேர் வளைந்திருந்தது, மருந்து பிடிக்கவில்லை, ஆசாமி மயங்கி விழுந்துவிட்டார் என்று நான் சொல்வேன். அவர் தன்னுடையதைச் சொல்வார். வேறு யாரிடம் சொன்னாலும் கொட்டாவி விடுவார்கள். அவர் சிரிப்பார், குறுக்குக் கேள்வி கேட்பார், சில நேரம் "நீர் செய்தது பிழை" என்று முகத்துக்கு நேரே சொல்வார். அந்த அழைப்புக்காகவே வீட்டுக்கு நேரத்துக்குப் போவேன் என்றால் நம்புங்கள்.

இனித் தவராசாவின் கதை. பக்கத்துக் கரையூரான சல்லியில் இருக்கும் சுழியோடி. சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கிக் கடலட்டையும் சங்கும் எடுப்பது தொழில். முப்பத்தைந்து வயதிருக்கும். மனைவி சுகந்தியோடு வந்தான். கீழ்த்தாடையில் இடப்பக்கம் கடைவாய்க்கு முன்னால் உள்ள பல். போன வருடம் ரூட் கனால் செய்தது என்றான். யார் செய்தது என்று கேட்டேன். என் நண்பரின் பெயரைச் சொன்னான்.

"கரையில ஒரு நோவும் இல்ல டொக்டர். நண்டுக்காலையும் கடிப்பன். கீழ இறங்கினாத்தான் நோகுது."

தட்டிப் பார்த்தேன், அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் இல்லை என்று கையால் காட்டினான். எக்ஸ்றே படம் எடுத்தேன். வேரின் கீழ்ப்பாதியில் வெள்ளையாக ஒரு சின்னக் கோடு. உடைந்த ஃபைல். வேரின் நுனியில் எலும்புக்குள் ஒரு கறுப்பு வட்டம்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் சுகந்தி திறந்தாள்.

"இவர் உங்களிட்டச் சொல்லமாட்டார் டொக்டர். போன கிழமை கீழ நொந்தவுடன ஒரேயடியா மேல வந்திட்டார். ஒரு நாள் முழுக்கக் கை விறைச்சுப்போய்க் கிடந்தது. இவரின்ர அண்ணனும் அப்பிடி வந்துதான் இண்டைக்கும் கட்டில்ல கிடக்கிறார்."

"நீ சும்மா இரு" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "தலைக்குள்ள ஏதோ வெடிச்சுப்போச்செண்டு நினைச்சன் டொக்டர். என்னண்டு தெரியேல்ல. தெரியாத நோவு. வந்திட்டன்" என்றான்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். கடலோரத்தில் வேலை செய்யப்போகிற உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆழத்திலிருந்து சுழியோடி அவசரமாக மேலே வந்தால் இரத்தத்தில் குமிழி உண்டாகும். கால் போகும், சில நேரம் ஆளும் போவான். பல்வலியால் யாரும் சாவதில்லை என்று நாங்கள் நோயாளிகளுக்குப் பகிடியாகச் சொல்கிறோம் அல்லவா? சல்லியில் அந்தப் பகிடியை விடாதீர்கள். அன்றைக்கே அவனை ஆஸ்பத்திரியின் பெரிய வைத்தியரிடம் அனுப்பிக் கையைக் காட்டச் சொன்னேன், பார்க்கும்வரை கடலுக்குப் போகக்கூடாது என்றும் சொன்னேன். பல்லைப் பற்றி மட்டும் அன்று ஒன்றும் சொல்லவில்லை. "நாளைக்கு வாங்கோ, இன்னொரு படம் எடுக்கவேணும்" என்று அனுப்பிவிட்டேன்.

ஏனென்றால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் செய்த வேலையில் இன்னொருவர் குறை கண்டால், நோயாளியிடம் வாயைத் திறக்க முன்னர் செய்தவருக்குச் சொல்வது. நல்ல வழக்கம்தான். செய்தவரே நோயாளியிடம் சொல்லிவிட்டால் எல்லாருக்கும் மரியாதை. அன்று பின்னேரம் அவர் தொலைபேசி எடுக்க முன்னர் நானே அவருக்கு எடுத்தேன்.

அவருக்கு உடனே நினைவு வந்தது. "ஓம், உடைஞ்சது. எடுக்க ஏலாத இடம். மேல வடிவா அடைச்சு விட்டனான். ஒரு வருசம் சுகமாத்தானே இருந்தவன்?"

"அவனுக்குச் சொல்லேல்லையே?"

"சொன்னாப் பயந்திடுவான். சுகமா இருக்கிறவனை ஏன் பயப்படுத்தவேணும்?"

"இப்ப சுகமா இல்லை. நீங்களே கூப்பிட்டுச் சொன்னா நல்லது."

"நீர் அந்தப் பல்லைப் பிடுங்கிவிடும். கதை முடிஞ்சுது. துண்டும் போயிடும், நோவும் போயிடும். ஊருக்குள்ள என்னை இழுக்கத் தேவையில்லை" என்றார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு அவர் மேல் கோபத்தைவிட ஆசைதான் கூட. ஃபைல் உடைவது கை வேலை செய்கிற எல்லாருக்கும் நடக்கும். எனக்கும் நடந்திருக்கிறது, உங்களுக்கும் நடக்கும். பயந்துவிடுவான் என்று அவர் உண்மையாகவே நம்பினார். நானும் அதுவரை பாதி நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் காலை சுகந்தி தனியாக முதலில் உள்ளே வந்தாள். அவன் வெளியே வாங்கில் இருந்தான்.

"டொக்டர், அந்தப் பல்லைப் பிடுங்கிவிடுங்கோ. அந்தப் பக்கம் கடிக்க அவருக்கு அது ஒண்டுதான் மிச்சம். அதுவும் இல்லையெண்டா வாயில பிடிக்கிற இறப்பரைக் கடிக்க ஏலாது. கடலுக்குப் போகமாட்டார்."

அவள் சொன்னது சரி. காற்று வரும் குழாயின் நுனியில் உள்ள இறப்பர்த் துண்டை முன்கடைவாய்ப் பல்லால்தான் கடித்துப் பிடிக்கிறார்கள். அவனுக்கு அந்தப் பக்கத்தில் முன்னும் பின்னும் ஏற்கெனவே இடைவெளி. ஒரு குறடு, ஐந்து நிமிட வேலை. என் நண்பருக்கும் அதுதான் வேண்டும், அவன் மனைவிக்கும் அதுதான் வேண்டும். அவள் கண்ணைப் பார்த்து இல்லை என்று சொல்வது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

"பல் அவரின்ர. அவர் பிடுங்கச் சொன்னாப் பிடுங்குவன். நீங்கள் சொல்லிப் பிடுங்க ஏலாது."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனாள்.

அவனைக் கதிரையில் இருத்திப் படத்தைக் காட்டினேன். கதிரையைச் சாய்க்கவில்லை. இதைக் கவனியுங்கள். மல்லாந்து கிடக்கிற ஆளுக்குக் கெட்ட செய்தி சொல்லக்கூடாது. ஆள் நிமிர்ந்து இருக்க வேண்டும், வாய் சும்மா இருக்க வேண்டும், திரும்பத் திட்டுவதற்கு வசதி இருக்க வேண்டும்.

"இது போன வருசம் வேலை செய்யேக்க உள்ள உடைஞ்ச ஃபைல். உடையிறது ஆருடைய கையிலயும் நடக்கும். உங்களுக்கு அதைச் சொல்லாமல் விட்டது சரியில்லை. அதாலதான் நான் சொல்லுறன்."

அவன் திட்டவில்லை. படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தான். "அப்ப இந்த இரும்புதான் என்னைக் கொல்லுது. எடுத்துவிடுங்கோ டொக்டர்" என்றான்.

எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். நீங்களும் அதைத்தான் நினைப்பீர்கள். வெள்ளைக் கோடு ஒன்று படத்தில் பளிச்சென்று தெரியும்போது கண் வேறு எங்கேயும் போகாது. நான் முதல் நாள் முழுக்க அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று காலை எக்ஸ்றே குழாயைக் கொஞ்சம் சரித்து வைத்து இன்னொரு படம் எடுத்தேன். அதில் தெரிந்தது, வேருக்குள் வழி கீழே போய் இரண்டாகப் பிரிகிறது. உடைந்த துண்டு ஒரு கிளையின் வாசலில் நிற்கிறது. மற்றக் கிளைக்குள் யாரும் போகவே இல்லை. அழுக்கும் வெறுமையுமாக அது திறந்தபடி கிடக்கிறது. கரையில் அது பேசாமல் இருக்கும். கடலின் அழுத்தம் வந்தால் விடாது.

அவனுக்கு விளங்கும்படி கேட்டேன். "நங்கூரம் கல்லுக்குள்ள இறுகிப்போனா என்ன செய்வீங்கள்?"

"கயித்தை வெட்டிப்போட்டு வருவம்."

"இழுக்கமாட்டீங்களே?"

"இழுத்தாப் படகின்ர அணியம் பிளக்கும். ஆனா டொக்டர், அது கடல். இது என்ர வாய்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். அதன் பிறகுதான் பேச்சு நேராகப் போனது. துண்டை எடுக்க வெளிக்கிட்டால் வேர் மெலிந்து பிளக்கலாம். கீழே கீறி எடுத்தால் பக்கத்தில் ஓடும் நரம்பில் பட்டு உதடு விறைத்துப்போகலாம், விறைத்த உதட்டோடு இறப்பரைக் கவ்வினால் கடல்தண்ணீர் வாய்க்குள் வரும். துண்டை விட்டுவிட்டுப் பக்கத்தால் போய் மற்றக் கிளையைச் சுத்தமாக்கி அடைக்கலாம், அதுவும் சரிவரும் என்று சத்தியம் பண்ண ஏலாது. எல்லாவற்றையும் சொன்னேன். பிடுங்கலாம் என்பதையும் சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்து, "பக்கத்தால போங்கோ" என்றான்.

அதை எப்படிச் செய்தேன் என்பதை விடுகிறேன். ஒரு நிமிடத்தை மட்டும் சொல்கிறேன். பக்கத்தால் போகும்போது அந்தத் துண்டு அசைந்தது. அசைந்தால் வந்துவிடும் என்று மனம் சொல்லும். கொஞ்சம் கூடத் தோண்டினால் போதும், எடுத்துவிடலாம், பின்னேரம் ஒருவருக்கு அதைச் சொல்லிப் பெருமைப்படலாம் என்று கை துடிக்கும். நான் கையை எடுத்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து, எதற்காக உள்ளே போனேனோ அந்தக் கிளைக்கே போனேன். நல்ல வைத்தியர்கள் பலர் வேரைப் பிளந்தது துண்டு அசையாதபோது இல்லை, அசைந்தபோதுதான்.

பின்னேரம் தொலைபேசி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. தவராசாவிடம் நான் சொல்லிவிட்டது சல்லியிலிருந்து துறைமுகம்வரை ஒரே நாளில் போயிருக்கும். ஒருமுறை சந்தையில் அவரைக் கண்டேன். மீனை விலை கேட்டுக்கொண்டு நின்றவர், என்னைக் கண்டதும் வாங்காமலே போனார்.

வேலை முடிந்து சில வாரங்களில் பல் அமைதியாக இருந்தது. பெரிய வைத்தியரும் கை சரியென்று விட்டுவிட்டார். தவராசா வந்து கேட்டான், "இனி இறங்கலாமோ டொக்டர்?"

கரையில் அமைதியாக இருக்கிற பல் கீழே என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. எலும்பு வளர மாதக்கணக்காகும். ஆறு மாதம் பொறுங்கள், படம் எடுத்துப் பார்ப்போம் என்றேன். எங்களுக்குப் பாதுகாப்பான பதில் அதுதான்.

"சரி டொக்டர்" என்றான்.

அவ்வளவு சீக்கிரம் சம்மதிக்கிற நோயாளியை ஒருநாளும் நம்பாதீர்கள். "எப்ப போறீங்கள்?" என்று கேட்டேன்.

"நாளையிண்டைக்கு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். பிறகு தலையைச் சொறிந்தான். "இது கடல் அமந்து கிடக்கிற காலம் டொக்டர். வாடைக்காத்துத் துவங்கினா ஒருத்தரும் இறங்க ஏலாது. அண்ணன்ர குடும்பத்தையும் நான்தானே பாக்கிறன்."

என் பாதுகாப்பான பதில் என்னைத்தான் பாதுகாத்திருக்கும். அவன் ஒருவருக்கும் சொல்லாமல் இறங்கியிருப்பான். கோபம் வந்தது, திட்டினேன். திட்டி முடித்த பிறகு சொன்னேன். வழமையான ஆழத்துக்குப் போகாதே. இடுப்பில் கயிறு கட்டு. மெதுவாக இறங்கு. நொந்தால் அது பல், தலை இல்லை. உள்ளே காயம் இன்னும் ஆறவில்லை, அழுத்தம் பட்டு நோகிறது, அவ்வளவுதான். நின்றுவிடு. கொஞ்சம் ஏறு, குறையும். அதன் பிறகும் மெதுவாகத்தான் வர வேண்டும். திருப்பிச் சொல்லச் சொன்னேன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சொன்னான்.

அவனுடைய படகில் நானும் போனேன். நீங்கள் அப்படிப் போகத் தேவையில்லை. அது என் பைத்தியக்காரத்தனம். எனக்கு நீந்தவும் தெரியாது.

காலை வெயில். கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. சுகந்தி கரையில், நான் கழற்றிவிட்ட செருப்புக்குப் பக்கத்தில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். படகில் நானும் அவளுடைய தம்பியும். தம்பி கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். தவராசா இறப்பரை வாயில் கவ்வினான், நான் அடைத்த பல்லால் கடித்தான், பின்பக்கமாக விழுந்தான். பிறகு குமிழி மட்டும்.

என் வாழ்க்கையில் எத்தனையோ நாள் தனியாக இருந்திருக்கிறேன், அந்தக் குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தைப் போல ஒன்று இல்லை. கையில் வேலை இல்லை. விளக்கு இல்லை, கண்ணாடி இல்லை. கேட்கலாம் என்றால் ஆள் தண்ணீருக்குக் கீழே. நான் சரியாகச் செய்தேனா, பிழையாகச் சொன்னேனா என்று கேட்க ஒரு மனிதர் இந்த ஊரில் இருந்தார், அவரும் இப்போது இல்லை. அழுகை வந்தது. தம்பி பார்க்காமல் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

கயிறு ஒரு தரம் இழுபட்டது.

"நிக்கிறார்" என்றான் தம்பி. அதற்குத்தான் அந்த அடையாளம். நொந்திருக்கிறது. இப்போது மேலே பாய்வான் என்று நினைத்தேன். குமிழி அதே இடத்தில் வந்துகொண்டிருந்தது. தம்பியின் கை கயிற்றில் இறுகியிருந்தது. குமிழி நகரவில்லை. நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, மெதுவாக என்று சொல்லிக்கொண்டே இருந்தேனாம். தம்பி பிறகு சொன்னான்.

கனநேரம் கழித்துத்தான் தலை தெரிந்தது. அவசரமில்லாமல் வந்து படகின் ஓரத்தைப் பிடித்தான். இறப்பரைத் துப்பினான்.

"நொந்தது டொக்டர்."

"எப்பிடி?"

"முந்தி மாதிரி இல்ல. ஆனா நொந்தது. நிண்டனான். கொஞ்சம் ஏறினனான், விட்டிட்டுது."

"பயப்படேல்லையோ?"

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "பல்லு எண்டு தெரியும்தானே. அதுக்கு ஏன் பயப்படவேணும்?"

கரைக்கு வந்ததும் சுகந்தி தண்ணீருக்குள் இறங்கி வந்து அவன் கையைப் பிடித்து நுள்ளினாள். "தெரியுதா?" என்றாள். "ஓம், விடு" என்றான். மற்றக் கையையும் நுள்ளினாள். பிறகு என் செருப்பை எடுத்துக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தாள்.

அந்த வருடக் கடைசியில் எடுத்த படத்தில் கறுப்பு வட்டம் சிறுத்திருந்தது. இப்போது வழமையான ஆழத்துக்குப் போகிறான், நோவில்லை. துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

படகால் இறங்கிய அன்று வீட்டுக்கு வந்ததும், கால் மண்ணைக்கூடக் கழுவாமல், அவருடைய எண்ணுக்கு எடுத்தேன். குத்திக்காட்டுவதற்கு இல்லை. சொன்னால் பயந்துவிடுவான் என்று நீங்களும் நம்பினீர்கள், நானும் பாதி நம்பினேன், சொன்னபடியால்தான் அவன் பயப்படவில்லை என்று அவரிடம் சொல்வதற்கு. அவர் கேட்டால் சிரிப்பார், குறுக்குக் கேள்வி கேட்பார், அந்தக் கிளையை எப்படிக் கண்டுபிடித்தீர் என்று கேட்பார். இந்த ஊரில் அதைக் கேட்கத் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி எடுத்தேன், மறுபடியும் அடித்தது. அதற்கடுத்த வருடம் மகனோடு இருக்க வெளிநாடு போய்விட்டார் என்று யாரோ சொல்லித்தான் அறிந்தேன். நான் பல் வைத்தியம் பார்த்த மிச்சக் காலம் முழுக்கப் பின்னேரங்களில் எனக்குத் தொலைபேசி வரவில்லை.

ஆகவே நீங்கள் வேலை செய்யும்போது ஒருநாள் விரலுக்குள் அந்த லேசு தட்டுப்படும். கதிரையை நிமிர்த்துங்கள். முதலில் கதிரையில் இருப்பவருக்குச் சொல்லுங்கள். பிறகு யாராவது ஒரு மூத்தவருக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லுங்கள், மனதுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். அவர் எடுக்காவிட்டால் எனக்கு எடுங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன்.